மூணாவது விசில் வரைக்கும்: ஒரு பேய்ப்படத் தொடக்கக் காட்சியை எடுத்த அனுபவம்

நான் எடுக்கும் பேய்க் குறும்படத்தின் தொடக்கக் காட்சி ஒருவழியாகக் கைகூடிவிட்டது. மொத்தம் 3 நிமிடம் 10 வினாடி. பேய் கிடையாது, ரத்தம் கிடையாது, திடீரென்று தூக்கிவாரிப் போடும் சத்தமும் கிடையாது. ஒரு பெண் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறாள், அடுப்பில் குக்கர் இருக்கிறது, அவளுக்குப் பின்னால் கொல்லைக் கதவு தெரிகிறது, அவ்வளவுதான். போன வாரம் போட்டுக் காட்டியபோது ஒருவர் இரண்டாவது விசிலுக்கே காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். இதற்கு முன்னால் எடுத்து ஓரங்கட்டிய எடிட்டுகள் இருக்கின்றன. எதை மாற்றியதும் காட்சி பிடித்துக்கொண்டது என்பது மறப்பதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

வீடு நண்பரின் தாத்தா காலத்து ஓட்டு வீடு, தஞ்சாவூர்ப் பக்கம். இப்போது யாரும் குடியில்லை. திண்ணை, ரேழி (வாசலைத் தாண்டியதும் வரும் நடை), முற்றம், கூடம், அப்புறம் கொல்லை. இந்த மாதிரி வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு வரைக்கும் ஒரே நேர்கோட்டில் தெரியும், காற்று போகட்டும் என்று கட்டியவை. கதைக்கு இதைவிட நல்ல வரம் வேறு இல்லை. ஆனால் முதலில் அந்த நேர்கோட்டை நான் பயன்படுத்தவே இல்லை.

அப்போது மனதில் இருந்தது 1978-ல் வந்த ‘ஹாலோவீன்’ தொடக்கம். ஜான் கார்பென்டர் சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம் என்பதே எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தெம்பு. நடக்கும்போது படம் குலுங்காமல் தாங்கும் ஸ்டெடிகேம் வகையைச் சேர்ந்த பானாகிளைடு என்ற கருவியில் கேமராவை மாட்டிக்கொண்டு ஒரு வீட்டைச் சுற்றி வருகிறார்கள். ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கிறோம், மாடியில் விளக்கு அணைகிறது, பின்பக்கமாகச் சமையலறைக்குள் நுழைந்ததும் ஒரு கை கத்தியை எடுக்கிறது, மாடியில் முகத்தின் மேல் முகமூடி ஏறுகிறது, அதற்கப்புறம் அதன் இரண்டு கண்ணோட்டை வழியாகத்தான் எல்லாமே தெரியும். 4 நிமிடத்துக்கு ஒரே ஷாட் மாதிரி ஓடும், உள்ளே ஒளித்து வைத்த வெட்டுகள் உண்டு. கடைசியில் முகமூடியைக் கழற்றினால் 6 வயதுப் பையன் நிற்கிறான்.

அதைப் பார்த்துவிட்டு, கேமராவை ஆடாமல் பிடிக்கும் ஜிம்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, திண்ணையிலிருந்து கூடம் வரைக்கும் கேமராவே நடந்து போகிற மாதிரி எடுத்தேன். பழைய வீட்டில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொரு நிலைப்படியும் அரையடி உயரம், நிலையோ ஐந்தரை அடிதான், ஆக ஒரே நேரத்தில் காலைத் தூக்கவும் தலையைக் குனியவும் வேண்டும். ஜிம்பல் சாய்வைச் சமாளிக்கும், ஆள் மேலும் கீழும் போவதைச் சமாளிக்காது. ஒவ்வொரு படியிலும் படம் ஒரு முறை குதித்தது. கால் முட்டியை மடக்கி நடந்து அதைக்கூடச் சரிசெய்துவிட்டோம், ஆனாலும் பார்த்தவர்கள் அசையவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. ‘ஹாலோவீன்’ தொடக்கம் முழுவதும் “இது யாருடைய கண்?” என்ற ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது, கடைசி வினாடியில் அதற்குப் பதிலும் கொடுத்துவிடுகிறது. என் கதையில் அந்தக் கண் யாருக்கும் சொந்தமில்லை. கேமரா சும்மா வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது.

இசையிலும் அதே படத்தைப் பின்பற்றிப் பார்த்தேன். இசையும் சத்தங்களும் சேர்க்காமல் கார்பென்டர் படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குக் காட்டினார், அவர் கொஞ்சமும் பயப்படவில்லை, இசையால்தான் படத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவுசெய்து பியானோவில் ஐந்து எண்ணிக்கை கொண்ட அந்த 5/4 தாளத்தை வாசித்ததாகக் கார்பென்டரே சொல்லியிருக்கிறார். சரி, நமக்கும் இசை கைகொடுக்கும் என்று 45 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ரீங்காரத்தை அடியில் ஓடவிட்டேன். ஹெட்போனில் வயிற்றைப் பிசைந்தது. செல்போன் ஸ்பீக்கரில் போட்டால் ஒன்றுமே கேட்கவில்லை, அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. குறும்படத்தைப் பாதிப்பேர் போனில்தான் பார்க்கிறார்கள். 200 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏற்றினால் கேட்டது, ஆனால் அது ஏதோ மோட்டார் ஓடுகிற சத்தமாகிவிட்டது. ரீங்காரத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன்.

அடுத்து வந்த யோசனைதான் காட்சியின் உயிர். 1996-ல் வந்த ‘ஸ்கிரீம்’ படத்தின் தொடக்கத்தில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே அடுப்பில் அலுமினியத் தாள் மூடிய பாப்கார்ன் வைத்திருப்பாள். பேச்சு விபரீதமாகப் போகப் போக அந்தப் பாப்கார்ன் தாள் உப்பிக்கொண்டே வரும், யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள், நாம் மட்டும் கவனித்துக்கொண்டிருப்போம். அது ஒரு கடிகாரம். நம் வீட்டு அடுப்பில் அந்தக் கடிகாரம் எது? குக்கர்தான். “மூணு விசில் வந்ததும் நிறுத்திடு” என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், பார்ப்பவர் தாமாகவே எண்ண ஆரம்பித்துவிடுவார். எண்ணாதே என்று சொன்னாலும் எண்ணுவார். நாலாவது விசில் வந்தால் வீட்டில் ஏதோ சரியில்லை என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காட்சியை அங்கிருந்து திருப்பி எழுதினேன். போனில் அம்மாவுடன் பேச்சு. “கொல்லைக் கதவைச் சாத்திட்டியாடி?” “சாத்திட்டேம்மா.” “தாழ்ப்பாள்?” “போட்டாச்சு.” தாழ்ப்பாள் விழுவதை ஒரு குளோஸ்-அப்பில் காட்டுகிறோம். குக்கர் மூணு விசில் என்பதும் இந்தப் பேச்சிலேயே வந்துவிடுகிறது. போன் வைத்தாயிற்று. அவள் பூக் கட்டுகிறாள், வீடு அகலமாகத் தெரியும் வைட் ஷாட், பின்னால் கதவு சாத்தியிருக்கிறது. முதல் விசில். அடுத்த வைட் ஷாட்டில் கதவு ஒரு சாண் திறந்திருக்கிறது. அவள் பார்க்கவில்லை. இரண்டாவது விசில். அடுத்த வைட் ஷாட்டில் அந்த இடைவெளியில் ஏதோ நிற்கிறது. மூன்றாவது விசில் குக்கரைக் காட்டும் ஷாட்டிலேயே வருகிறது. மறுபடி வைட் ஷாட்: அவளைக் காணோம், கட்டிய சரம் தரையில் கிடக்கிறது, கொல்லைக் கதவு பழையபடி சாத்தியிருக்கிறது. நாலாவது விசில். அதே தாழ்ப்பாள், அதே குளோஸ்-அப், உள்பக்கமாகப் போட்டபடி. ஐந்தாவது விசில். இருட்டு.

கேமராவை நகர்த்துவதைக் கைவிட்டு ரேழியில் ட்ரைபாட் போட்டு நிறுத்தியது இந்தக் கட்டத்தில்தான். 2014-ல் வந்த ‘இட் ஃபாலோஸ்’ படத்தின் தொடக்கத்தை அப்போது பல தடவை பார்த்தேன். வீட்டை விட்டு ஓடிவரும் ஒரு பெண்ணைத் தெருவில் நிற்கும் கேமரா சுற்றிச் சுற்றித் தொடர்கிறது, துரத்துவது எதையும் காட்டுவதில்லை, அதனால் அவள் திரும்பிப் பார்க்கும் திசையில் எல்லாம் நம் கண் துழாவுகிறது. எனக்கு வேண்டியிருந்தது அந்தத் துழாவல்.

லென்ஸில் நிறைய நேரம் போனது. முதலில் 35 மி.மீ. மாட்டினேன், வீடு முழுக்கத் தெரியும் என்று. ரேழியிலிருந்து அவள் 5 மீட்டர், கொல்லைக் கதவு 13 மீட்டர். கதவை நாலு விரல் அளவு திறந்து வைத்து எடுத்ததை மானிட்டரில் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. போனில் போட்டதும் யாருக்குமே அது தெரியவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும்: அந்தத் தூரத்தில் 35 மி.மீ. லென்ஸின் சட்டகம் 13 மீட்டருக்கு மேல் அகலம், அதில் நாலு விரல் என்பது 1920 பிக்ஸலில் வெறும் 10 பிக்ஸல். 50 மி.மீ. மாற்றி, இடைவெளியை ஒரு சாணாக்கினேன், 45 பிக்ஸல் கிடைத்தது. தேடுகிறவர் கண்ணில் படும், தேடாதவர் கண்ணில் படாது. அந்த எல்லையில்தான் வைக்க வேண்டும்.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரம், அதாவது அப்பர்ச்சர், இன்னொரு தப்பான திருப்பம். வாடகை லென்ஸ் 1.8 வரை திறக்கும், திறந்து வைத்தால் பின்னணி அழகாக மங்கும், அதைப் பார்த்து மயங்காதவர் குறைவு. ஆனால் கதவே மங்கிவிட்டால் தேடுவதற்கு என்ன இருக்கிறது? 5.6-க்கு அடைத்து, போகஸை 7 மீட்டரில் நிறுத்தினால் அவளும் கதவும் இரண்டுமே தெளிவுக்குள் வந்தன. அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். இருட்டாக எடுத்தால்தான் பயம் என்று முதலில் நினைத்து, கேமரா ஒளியை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற அளவான ஐஎஸ்ஓவை 12800-க்கு ஏற்றிய காட்சிகளில் கறுப்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக அரித்துக்கொண்டிருந்தது. இப்போது 3200.

வெளிச்சத்துக்கு முற்றம்தான் கைகொடுத்தது. அந்திக்குப் பிறகு வானத்திலிருந்து இறங்கும் நீலம் 20 நிமிடத்துக்கு மேல் நிற்காது, அதற்குள் எல்லா ஷாட்டையும் முடிப்பது நடக்காத காரியம். முற்றத்தின் வாய்க்குக் குறுக்கே கயிறு கட்டி இரண்டு 8 முழ வேட்டிகளை விரித்து, ஓர் எல்இடி விளக்குப் பானலை ஓரத்தில் மேல்நோக்கி வைத்தோம். வேட்டியில் பட்டுத் திரும்பி இறங்கிய ஒளி நிஜ அந்தி மாதிரியே இருந்தது. கூடத்தில் ஒரே ஒரு பல்பு. சாதாரண எல்இடி பல்பை ரெகுலேட்டரில் போட்டுக் குறைத்தால் படபடவென்று துடிக்கும், எடுத்ததெல்லாம் வீண். ஹார்டுவேர் கடையில் தேடிப் பிடித்த பழைய 60 வாட் குண்டு பல்பு சொன்னபடி கேட்டது. ரெகுலேட்டர் குமிழில் பேனாவால் மூன்று கோடு போட்டு, ஒவ்வொரு வைட் ஷாட்டுக்கும் ஒரு கோடு கீழே இறக்கினேன். லோ வோல்டேஜில் பல்பு மங்குவது நமக்கெல்லாம் பழகிய விஷயம், யாரும் கவனித்துச் சொல்லவில்லை, ஆனால் கடைசி ஷாட்டில் வீடு முதலில் பார்த்த வீடாக இல்லை. கேமராவின் நிறச் சமனை, அதாவது வொயிட் பேலன்ஸை, 3200 கெல்வினில் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கேமரா தானாகச் சரிசெய்து இந்த உழைப்பைக் கெடுக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விளக்கின் துடிப்பு படத்தில் தெரியாமலிருக்க வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வினாடி.

கதவுக்கு வருகிறேன். ஆரம்பத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, ஷாட் ஓடும்போதே மெல்ல இழுத்தேன். கதவு நகர்வதைப் பார்த்ததும் எல்லோரும் நரம்பைத்தான் நினைத்தார்கள், ஒருவர் “யார் இழுத்தது?” என்றே கேட்டார். நகர்வதைக் காட்டாமல், பூவையும் குக்கரையும் காட்டிவிட்டுத் திரும்பும்போது திறந்து கிடக்க வைத்ததும் அந்தக் கேள்வி நின்றது. முன்னாடி சாத்தித்தானே இருந்தது என்ற சந்தேகம் பார்ப்பவருக்குள்ளேயே எழுகிறது. கிரீச் சத்தமும் இதே வகைதான். அந்த வீட்டுக் கதவு நிஜமாகவே அருமையாகக் கிறீச்சிடும், ஆசையாகப் பதிவுசெய்து சேர்த்தேன். அதைக் கேட்டதும் இது பேய்ப்படம் என்று எல்லோரும் தயாராகிவிட்டார்கள். எடுத்துவிட்டேன்.

இடைவெளி கறுப்பாக இருந்தால் கறுப்புக் கதவுக்குப் பக்கத்தில் அது எடுபடாது. அதனால் இரண்டாவது பானலைக் கொல்லையில் கிணற்றுச் சுவரைப் பார்த்துத் திருப்பினோம். கதவு திறந்ததும் அந்த இடத்தில் நீலமாக ஒரு கீற்று. அடுத்த வைட் ஷாட்டில் அந்தக் கீற்றின் கீழ்ப்பாதி மட்டும் இருட்டு. நின்றது ஆள் இல்லை, சுருட்டி நிறுத்திய கோரைப்பாய். ஆளை நிறுத்திப் பார்த்தோம், தோள் தலை என்று உருவம் பிடிபட்டதும் கண் நிம்மதியாகிவிட்டது. பாய்க்கு உருவம் இல்லை. அதனால் கண் அதை விட்டு விலகவே இல்லை.

நடித்தது நண்பரின் தங்கை, கல்லூரியில் படிப்பவர். “பின்னால் கதவு திறக்கிறது, உனக்கு லேசாக ஏதோ உறுத்துகிறது” என்று சொல்லி எடுத்த டேக்குகளில் கழுத்து விறைத்திருந்தது, பார்ப்பவருக்கு வர வேண்டிய பயத்தை அவர் முந்திக்கொண்டு பட்டுவிட்டார். அப்புறம் எதுவும் சொல்லவில்லை. குண்டுமல்லியும் வாழைநாரும் கொடுத்து, நிஜமாகவே கட்டச் சொன்னேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், நாரை விரலில் ஒரு சுற்று சுற்றி இழுத்து இறுக்கி, அடுத்த நாலு. குளோஸ்-அப்பில் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கை ஒரே தாளத்தில் ஓடுவதால் பார்ப்பவரின் மூச்சும் அதோடு சேர்ந்துவிடுகிறது, மூன்றாவது விசிலுக்குச் சற்று முன் அந்தக் கை முடிச்சுக்கு நடுவில் நிற்கும்போது சட்டென்று தெரிகிறது.

பூவில் எதிர்பாராத ஒரு தொல்லை. மல்லிகை மொட்டு இருட்டத் தொடங்கியதும் விரிய ஆரம்பித்துவிடும். முதல் ஷாட்டில் மொட்டு, நாலாவது ஷாட்டில் பூ. காட்சியில் கழிவதோ 3 நிமிடம். ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, டேக்குக்கு டேக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். போதாக்குறைக்கு ஒரு படப்பிடிப்பு நாள் முகூர்த்த நாளாகவும் போய்விட்டது, பூ விலை இரண்டு மடங்கு.

ஒலியில் எனக்கு ரொம்பத் திருப்தி தந்தது சில்வண்டு. ஜூம் எச்1என் ரெக்கார்டரைக் கொல்லையில் வைத்து வெறும் இரவைப் பதிவுசெய்திருந்தேன். கதவு சாத்தியிருக்கும் ஷாட்டில் அந்தச் சத்தம் மிகவும் அடங்கி இருக்கும். ஒரு சாண் திறந்த ஷாட்டில் 6 டெசிபல் கூட்டினேன். பார்ப்பவர் கதவைக் கவனிக்காவிட்டாலும் காது கவனித்துவிடுகிறது. கீழ்ப்பாதி இருண்ட ஷாட்டில் சில்வண்டு சட்டென்று நின்றுவிடும். கிராமத்தில் இருட்டில் நடந்தவர்களுக்கு இது தெரியும், பக்கத்தில் காலடி அதிர்ந்தால் அது வாயை மூடிக்கொள்ளும். நான் போட்ட எந்த இசையும் அந்த ஒரு வினாடி மௌனத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

குக்கரை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்துத் தனியாகப் பதிவுசெய்தேன், 3 லிட்டர் குக்கர், உள்ளே நிஜத் துவரம் பருப்பு. வெறும் தண்ணீரில் விசில் சத்தம் மெலிந்து வந்தது என்று என் காதுக்குப் பட்டது. விசில் உச்சம் -12 டெசிபலைத் தாண்டாதபடி ரெக்கார்டரை முன்பே இறக்கிவிட வேண்டும், இல்லையென்றால் சத்தம் கிழிந்துவிடும். அப்புறம் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் இடம் பார்த்துப் பார்த்து வைத்தேன். முதலில் எல்லா விசிலையும் 35 வினாடிக்கு ஒன்றாகச் சமமாக வைத்திருந்தேன், பார்ப்பவர்கள் தாளத்துக்குப் பழகி நிம்மதியாகிவிட்டார்கள். இப்போது முதலாவது 0:55, இரண்டாவது 1:30, மூன்றாவது 2:24. அதாவது மூன்றாவதைக் கிட்டத்தட்ட 20 வினாடி தாமதப்படுத்தியிருக்கிறேன். அந்த 20 வினாடியும் குக்கரின் குண்டு ஆடிக்கொண்டே இருக்கிறது, ஆவி சீறிக்கொண்டே இருக்கிறது, விசில் மட்டும் வரவில்லை. நாலும் ஐந்தும் அடுத்தடுத்து, 2:40, 2:52.

காட்டும்போது பின்னால் உட்காராமல் டிவிக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தவர்களின் முகத்தைப் பார்த்தேன். கேட்டால் எல்லோரும் “நல்லாருக்கு” என்றுதான் சொல்வார்கள். கண் எப்போது கதவுக்குப் போகிறது, உடம்பு எப்போது முன்னால் சாய்கிறது என்பது பொய் சொல்லாது. 1:50 வாக்கில் ஒருவர் பக்கத்திலிருப்பவரின் கையை இடித்துத் திரையைக் காட்டினார். அப்போதுதான் 45 பிக்ஸல் போதும் என்று உறுதியானது.

செலவு: கேமரா, இரண்டு லென்ஸ், ட்ரைபாட் வாடகை 6,600 ரூபாய். பானல்கள் 1,500. பயன்படாமல் போன ஜிம்பல் 1,200. பல்பு, ரெகுலேட்டர், ஹோல்டர், கயிறு, நரம்பு எல்லாம் சேர்த்து 640. பூ 1,150. சாப்பாடும் போக்குவரத்தும் 2,400. ஆகமொத்தம் 13,490. ரெக்கார்டர் சொந்தமானது, வீட்டுக்கு வாடகை இல்லை.

அடுத்த தடவை செய்தால் லென்ஸ் கணக்கைக் காகிதத்தில் போட்டுவிட்டுத்தான் வாடகைக் கடைக்குப் போவேன், ஜிம்பலை எடுக்க மாட்டேன், 1,200 மிச்சம். தாழ்ப்பாள் குளோஸ்-அப் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுப்பேன். இப்போது இருப்பவற்றில் மர நிறம் ஒரு துளி மாறியிருக்கிறது, கலர் கரெக்‌ஷனில் சரிக்கட்டியிருக்கிறேன், ஆனால் எனக்குத் தெரிகிறது. அம்மாவின் குரலை நிஜமாகவே போனில் கூப்பிட்டுப் பேசவிட்டுப் பதிவுசெய்ய வேண்டும், பில்டர் போட்ட குரலில் அந்தக் கரகரப்பு வரவில்லை. ஐந்தாவது விசிலுக்கும் இருட்டுக்கும் நடுவில் 18 வினாடி விட்டிருக்கிறேன், அதில் ஐந்தாறு வினாடி குறைக்கலாமா என்று இன்னும் இரண்டு பேரிடம் காட்டிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யப் போகிறேன்.